ஆறு ஸ்க்ரூ, ஒரு காட்டர் பின்: மாடல் டி கியர்பாக்ஸுக்குள் கை விட்ட கதை

இந்த வாரம் கோடிங் இல்லை, ஏஐ இல்லை, இன்டர்வியூ டிப்ஸும் இல்லை. நூறு வருஷத்துப் பழைய கார் ஒண்ணு. அதோட கியர்பாக்ஸுக்குள்ள நான் கை விட்டேன். உள்ள ஒரு சின்னத் துண்டைப் போட்டுட்டேன். அதை வெளியே எடுக்க ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு முப்பது செகண்ட் இருந்தது. இந்த எபிசோட் உண்மையில அந்த முப்பது செகண்டைப் பத்தித்தான். ஆனா அது புரியணும்னா முதல்ல அந்தக் காரைப் புரிஞ்சுக்கணும்.

நான் இப்போ இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட்ல இருந்து கொஞ்ச தூரம். பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். எண்பது வயசு தாண்டியாச்சு. அவர் கராஜ்ல 1924-ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் டி ஒண்ணு நிக்குது. அவங்க அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டி. வருஷா வருஷம் ஜூலை 4 ஊர்வலத்துல அதை ஓட்டிட்டுப் போவார். இந்தத் தடவை பேத்தி பக்கத்துல உட்காரணும்னு கேட்டிருக்கா. ஆனா வண்டில மூணு கோளாறு. இடது பெடலை முழுசா மிதிச்சாலும் வண்டி நழுவி நழுவித்தான் கிளம்புது. பிரேக் பெடல் கிட்டத்தட்ட தரையைத் தொட்ட பிறகுதான் பிடிக்குது. மேடு ஏறும்போது எஞ்சின் இரையுது, வேகம் மட்டும் கூட மாட்டேங்குது.

என்ன செய்யணும்னு அவருக்கு நல்லாவே தெரியும். நாப்பது வருஷமா அவரே செஞ்ச வேலை. ஆனா இப்போ விரல் நுனியில உணர்ச்சி குறைஞ்சு போச்சு. சின்ன நட்டைப் பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியலைங்கிறார். அதனால மூளை அவரோடது, கை என்னோடதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம்.

மாடல் டி பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 1908 அக்டோபர்ல விற்பனைக்கு வந்தது, 1927 வரைக்கும் தயாரிச்சாங்க. மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டி. ஆரம்பத்துல 850 டாலர். 1925-ல ரெண்டு பேர் உட்காரும் மாடலோட விலை 260 டாலருக்கு இறங்கிடுச்சு. எஞ்சின் 2.9 லிட்டர், ஆனா சக்தி வெறும் 20 குதிரைத்திறன்தான். இன்னிக்கு நம்ம ஊர்ல பசங்க ஓட்டுற 200 சிசி பைக்கோட சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதை ஓட்டுற விதம் நமக்குத் தெரிஞ்ச எந்தக் காரோடயும் ஒத்துப் போகாது. கீழே மூணு பெடல் இருக்கும், ஆனா ஆக்ஸிலரேட்டர் அதுல கிடையாது. அது ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது கைப் பக்கம் ஒரு சின்ன லீவர். வலது பெடல் பிரேக். நடுப் பெடல் ரிவர்ஸ். இடது பெடல்தான் விசேஷம். முழுசா மிதிச்சா லோ கியர், பாதியில நிறுத்தினா நியூட்ரல், காலை எடுத்துட்டா டாப் கியர். முன்னாடி போக ரெண்டே கியர்தான். இது போக இடது பக்கம் ஒரு கை லீவர். முழுசாப் பின்னாடி இழுத்தா பின் சக்கர பிரேக் பிடிக்கும், நடுவுல வச்சா நியூட்ரல், முன்னாடி தள்ளினாத்தான் டாப் கியர் வேலை செய்யும்.

உள்ளே என்ன நடக்குது? ஃப்ளைவீல்ல மூணு பின். ஒவ்வொரு பின்லயும் மூணு பல்சக்கரம் ஒட்டின ஒரு தொகுதி. மொத்தம் ஒன்பது சக்கரம், சூரியனைச் சுத்துற கோள்கள் மாதிரி நடு அச்சைச் சுத்திக்கிட்டே இருக்கும். எல்லாப் பல்லும் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டேதான் இருக்கும். அதனால கியர் மாத்தும்போது கர்ருன்னு உரசுற பேச்சே இல்லை. ஃப்ளைவீலுக்குப் பின்னாடி வரிசையா மூணு டிரம்: முதல்ல ரிவர்ஸ், நடுவுல லோ, கடைசில பிரேக். ஒவ்வொரு டிரம்மைச் சுத்தியும் பெல்ட் மாதிரி ஒரு பேண்ட். நீங்க பெடலை மிதிச்சா அந்த பேண்ட் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். எந்த டிரம் நிக்குதோ, அதுக்கேத்த மாதிரி வண்டி நகரும். லோ கியர்ல எஞ்சின் 2.75 சுத்து சுத்தினா டிரைவ் ஷாஃப்ட் ஒரு சுத்து. ரிவர்ஸ்ல 4 சுத்துக்கு ஒரு சுத்து. அதாவது ரிவர்ஸுக்குத்தான் இழுவை அதிகம். அந்தக் காலத்துல செங்குத்தான மேட்டை ரிவர்ஸ்லயே ஏறினாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானா வழிஞ்சுதான் எஞ்சினுக்கு வரணும். டேங்க்ல கொஞ்சமா இருந்தா, வண்டி மூக்கைத் தூக்கினதும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது.

இந்த மூணு பேண்டோட உள்பக்கமும் துணி லைனிங். எஞ்சின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் ஒண்ணுதான், ரெண்டும் ஒரே தொட்டிக்குள்ள. அந்த ஆயில்ல நனைஞ்சுக்கிட்டே லைனிங் தேயும். தேயத் தேய பேண்டை இறுக்கிக்கிட்டே வரணும். பிரேக்கும் இதே கதைதான். முன் சக்கரத்துல பிரேக்கே கிடையாது. கால் பிரேக் பிடிக்கிறது சக்கரத்தை இல்லை, கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற அந்த டிரம்மை. அதனால "டிரான்ஸ்மிஷன் அட்ஜஸ்ட்மென்ட்"னு சாதாரணமா சொல்ற இந்த வேலையில ஒரு குழந்தையோட பாதுகாப்பும் அடங்கியிருக்கு.

ஊர்வலம்னா இன்னும் மோசம். நடக்கிற வேகத்துல போகணும். அப்போ இடது பெடலை மிதிச்சபடியே, லோ கியர்லயே ஊரணும். லோ பேண்ட் நழுவினா சூடேறி இன்னும் சீக்கிரம் தேயும்.

சரி, வேலைக்கு வருவோம். லோ பேண்டை இறுக்குறது ரொம்ப ஈஸி. கியர்பாக்ஸ் மூடியோட வலது பக்கம் வெளியிலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கு. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பி, மறுபடி லாக் நட்டை இறுக்கணும். பத்து நிமிஷம். "ஆஹா, வடிவமைச்சவர் நம்மளை யோசிச்சிருக்கார்"னு நினைச்சேன்.

ஆனா அடிக்கடி கை வைக்க வேண்டிய லோ பேண்டுக்குத்தான் அந்தச் சலுகை. ரிவர்ஸ், பிரேக் ரெண்டுக்கும் நட் உள்ளே இருக்கு. கால் வைக்கிற மரப்பலகைகளை எடுக்கணும். அடியில கியர்பாக்ஸ் மேல ஒரு சின்னக் கதவு, ஆறு ஸ்க்ரூ. அதைத் திறந்தா ஒரு கை நுழையுற அளவுக்கு ஓட்டை. உள்ள டிரம்கள், இருட்டு, ஆயில்.

அந்த ஆறு ஸ்க்ரூவைக் கழட்டும்போது ஒண்ணு கவனிச்சேன். அஞ்சு ஒரே மாதிரி. ஒண்ணு மட்டும் வேற தலை, கொஞ்சம் புதுசு. கேட்டேன். "எனக்கு விவரம் தெரிஞ்சதுல இருந்து அப்படித்தான் இருக்கு"ன்னார். ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சு, எடுத்த வரிசையிலேயே எல்லாத்தையும் அதுமேல வச்சோம்.

கதவைத் திறந்ததும் அவர் ரெண்டு வேலை செய்யச் சொன்னார். ஒண்ணு, டிரம்களுக்கும் கேஸுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி முழுக்கப் பழந்துணியை அடைக்கணும். ரெண்டு, உள்ளே போற ஒவ்வொரு கருவியையும் கயித்துல கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டுல கட்டணும். ஃபோர்டு கம்பெனி அந்தக் காலத்துல வண்டியோட கொடுத்த கையேடே இந்த எச்சரிக்கையைச் சொல்லுது. உள்ளே எதுவும் விழுந்துடக் கூடாது, விழுந்தா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்னு.

ஏன் இவ்வளவு பயம்? ஃப்ளைவீலோட முன்பக்கம் 16 காந்தங்கள் வட்டமா பொருத்தியிருக்காங்க. அதுக்கு நேர் எதிரே காயில் வளையம். ஃப்ளைவீல் சுத்தச் சுத்த மின்சாரம் உற்பத்தியாகி, அதுலதான் ஸ்பார்க் வருது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அங்க ஒரு இரும்புத் துண்டு மாட்டுச்சுன்னா காயிலைக் கிழிச்சுடும். அதைச் சரி பண்ண எஞ்சினையே வெளியே இறக்கணும்.

நான் வண்டிக்குள்ள குப்புறப் படுத்து, தலையைத் தொங்கப்போட்டு, கையை உள்ளே விட்டேன். அவர் சீட்டுல உட்கார்ந்து பெடலை மிதிச்சுப் பார்ப்பார். நான் நட்டை அரைச் சுத்து திருப்புவேன். மறுபடி மிதிப்பார். "இன்னும் கொஞ்சம்." அரைச் சுத்து. "போதும், நிறுத்து." விரல்ல இல்லாத உணர்ச்சி அவர் கால்ல இருந்தது. ரொம்ப இறுக்கவும் விடலை. பேண்ட் எப்பவும் டிரம்மை உரசிக்கிட்டே இருந்தா, பிரேக்கை லேசாப் பிடிச்சபடியே ஓட்டுற மாதிரி. எஞ்சின் சூடாகும், லைனிங் தேயும்.

கடைசி வேலை கிளட்ச். பிரேக் டிரம்முக்குப் பின்னாடி மூணு இரும்பு விரல்கள் இருக்கு. ஒவ்வொரு விரல்லயும் ஒரு ஸ்க்ரூ. மேட்டுல கிளட்ச் நழுவினா அந்த மூணு ஸ்க்ரூவையும் வலப்பக்கம் திருப்பணும். அரைச் சுத்துன்னா மூணுக்கும் அரைச் சுத்து, ஒரு சுத்துன்னா மூணுக்கும் ஒரு சுத்து. ஒண்ணு கூடக் குறைய இருந்தா கிளட்ச் கோணலாப் பிடிக்கும். ஸ்க்ரூ தானா கழலாம இருக்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காட்டர் பின். ஹேர்பின் மாதிரி ரெண்டு கால் உள்ள கம்பி. ஓட்டையில நுழைச்சு, மறுபக்கம் காலை விரிச்சு மடக்கணும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, அந்த ஸ்க்ரூவுக்கு இது அப்படி.

ஓட்டை வழியா ஒரு நேரத்துல ஒரு விரல்தான் கைக்கு எட்டும். அடுத்ததைக் கொண்டுவர, மத்த சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துட்டு, ஒரு பின் சக்கரத்தை ஜாக்ல தூக்கி, கை லீவரை நடுவுல வச்சு, அந்தச் சக்கரத்தைக் கையால சுத்தணும். முதல் விரல் நல்லபடியா முடிஞ்சது. பழைய பின்னை எடுத்தேன், ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்பினேன், புதுப் பின் போட்டேன். சக்கரத்தைச் சுத்தணும்னா துணியை எடுக்கணும், இல்லேன்னா டிரம் அதை இழுத்துக்கும். எடுத்தேன். சுத்தினேன். ரெண்டாவது விரல் மேலே வந்துச்சு.

துணியைத் திரும்ப வைக்கலை. மறந்தேன்னு சொல்ல மாட்டேன். ஞாபகம் இருந்துச்சு. முதல் பின் ஈஸியா வந்துடுச்சே, இதுக்கு எதுக்குன்னு தோணுச்சு.

ரெண்டாவது பின் துருப்பிடிச்சிருந்தது. பிளேயரால இழுத்தேன். கையோட வந்துச்சு. வெளிச்சத்துல பார்த்தா ஒரே ஒரு கால்தான் இருக்கு. இன்னொரு கால் முறிஞ்சு உள்ளே போயிடுச்சு. ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது. பிளேயர் என் மணிக்கட்டுல பத்திரமாக் கயித்துல தொங்கிட்டிருந்தது. பின்னோட காலுக்கு ஏது கயிறு?

இப்போ அந்த முப்பது செகண்ட்.

அவர் சீட்டுல உட்கார்ந்திருக்கார். அவருக்கு உள்ளே தெரியாது. சத்தமும் கேட்கலை. என்கிட்ட புதுப் பின் இருக்கு. போட்டுட்டு, மூணாவதையும் முடிச்சுட்டு, மூடிட்டுப் போயிடலாம். அந்தத் துண்டு ஆயில் தொட்டியோட அடியில போய்ச் சேர்ந்து, பல வருஷம் சும்மாவே கிடக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. "பெரும்பாலும்"ங்கிற அந்த வார்த்தையை நான் மனசுக்குள்ள நாலஞ்சு தடவை சொல்லிக்கிட்டேன். சொல்லிட்டா என்ன நடக்கும்? ஊர்வலத்துக்கு நாலே நாள்தான். வேலை நின்னு போகும். என்னை நம்பிக் கொடுத்த வேலையைக் கெடுத்துட்டேன்னு ஆயிடும். துணி ஏன் வைக்கலைன்னு கேட்டா பதில் இல்லை.

உண்மையைச் சொல்றேன், எனக்கு இந்த உணர்வு புதுசு இல்லை. ஆபீஸ்ல ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு எரர் வந்து, அது ஏன் வருதுன்னு புரியாம, அதைப் பிடிச்சு லாக் கூடப் பண்ணாம விழுங்குற மாதிரி நாலு வரி எழுதி, டெஸ்ட் பாஸ் ஆனதும் தூங்கப் போயிருக்கேன். மூணு மாசம் கழிச்சு அது வேற ஒருத்தரோட ராத்திரியைக் கெடுத்துச்சு. அந்த வேற ஒருத்தர் அதுக்குக் காரணம் தேடி ரெண்டு நாள் அலைஞ்சார். என்கிட்டயே வந்து கேட்டார்.

"ஒரு துண்டு உள்ளே விழுந்துடுச்சு"ன்னு சொல்லிட்டேன்.

அவர் திட்டலை. முதல்ல சொன்னது, "எதையும் சுத்தாதே. சக்கரத்தைத் தொடாதே." ரெண்டாவதா கேட்டது, "எந்தப் பக்கமா விழுந்துச்சு?" அவ்வளவுதான். துணியைப் பத்திக் கேட்கவே இல்லை. நானே சொன்னேன்.

அப்புறம் மீன்பிடி வேலை. சின்ன வயசுல பாட்டி வீட்டுக் கிணத்துல குடம் விழுந்தா பாதாளக் கரண்டின்னு ஒண்ணைக் கொண்டு வருவாங்க. கொக்கி கொக்கியா இருக்கும். கயித்துல கட்டி இறக்கி, கண்ணுக்குத் தெரியாத குடத்தைக் கை உணர்வுலயே தேடுவாங்க. இதுவும் அதேதான், கொக்கிக்குப் பதிலா காந்தம். வளையுற கம்பியோட நுனியில ஒரு குட்டிக் காந்தம். பிரச்சினை என்னன்னா, உள்ளே இருக்கிறது எல்லாமே இரும்பு. காந்தம் டிரம்ல ஒட்டுது, சுவர்ல ஒட்டுது, கீழேயே போக மாட்டேங்குது. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வீட்டுக்குள்ள போய்ப் பேத்தியோட மில்க் ஷேக் ஸ்ட்ரா ஒண்ணை எடுத்துட்டு வந்தார். தடிமனான ஸ்ட்ரா. அதுக்குள்ள காந்தத்தை இழுத்து வச்சு, அடியில போனதும் நுனியை மட்டும் வெளியே தள்ளினோம்.

முதல்ல வந்தது கறுப்பு இரும்புத் தூள், பஞ்சு மாதிரி. துடைச்சோம், மறுபடி இறக்கினோம். மறுபடியும் தூள். ஒன்றரை மணி நேரம் கழிச்சுக் கம்பியில கனம் தெரிஞ்சது. மெதுவா இழுத்தேன். வந்தது பின் இல்லை. ஒரு ஸ்க்ரூ.

ஆயில்ல ஊறிக் கறுத்துப் போயிருந்தது. துடைச்சு வெள்ளைத் துண்டு மேல வச்சார். பக்கத்துல அந்தக் கதவோட அஞ்சு ஸ்க்ரூ. அதே தலை, அதே நீளம். ஆறாவதா இருந்த அந்த வேற மாதிரி ஸ்க்ரூவைத் தனியா நகர்த்தி வச்சார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க அப்பாவா இருக்கும். இல்லேன்னா அவருக்கு வித்தவரா இருக்கும்"ன்னார். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாதான். அவர் எதையும் ஒத்துக்க மாட்டார்"ன்னு சிரிச்சார்.

எத்தனை ஊர்வலம், எத்தனை குழந்தைங்க அந்தப் பின் சீட்டுல உட்கார்ந்து போயிருப்பாங்க. அத்தனை தடவையும் அந்த ஸ்க்ரூ அடியில கிடந்திருக்கு. ஒண்ணும் ஆகலை. ஆனா ஆகாம இருந்ததுக்கு யாரும் எதுவும் செய்யலை. அதிர்ஷ்டம் மட்டும்தான்.

இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுப் பின்னோட காலும் வந்துச்சு. பிளேயர்ல இருந்த துண்டோட சேர்த்து வச்சுப் பார்த்தோம், முறிஞ்ச இடம் கச்சிதமாப் பொருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மூணாவது விரலுக்கே போனோம். இந்தத் தடவை துணி வச்சேன். கதவை மூடும்போது அந்தப் பழைய ஸ்க்ரூவையே மாட்டச் சொன்னார். இப்போ ஆறும் ஒரே மாதிரி.

மறுநாள் தெருவுல ஓட்டிப் பார்த்தோம். இடது பெடலை மிதிச்சதும் வண்டி நழுவாம கிளம்புச்சு. பிரேக் பாதியிலேயே பிடிச்சது. தெருக்கோடி மேட்டை முனகாம ஏறுச்சு. ஜூலை 4 அன்னிக்குப் பேத்தி கொடி பிடிச்சுக்கிட்டுப் போனா.

நம்மள்ல பல பேர் மாடல் டி-யைத் தொடவே போறதில்லை. ஆனா ஸ்கூட்டர் கார்புரேட்டர், அம்மாவோட தையல் மெஷின், லேப்டாப் ஃபேன், இப்படி ஏதோ ஒண்ணைத் திறப்பீங்க. அதுக்கு நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன். திறக்கிறதுக்கு முன்னாடி வெள்ளைத் துணி விரிங்க, எண்ணி வைங்க. ஓட்டைகளை அடைங்க. ஒவ்வொரு தடவையும் அடைங்க, முதல் தடவை மட்டும் இல்லை. துருப்பிடிச்சது முறியும்னு எதிர்பாருங்க. வெளியே வந்தது முழுசா இருக்கான்னு பாருங்க. ஏதாவது விழுந்தா, எதையும் சுத்துறதுக்கு முன்னாடி, ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க. சுத்தின பிறகு சொன்னா அது வெறும் மன்னிப்பு. அதுக்கு முன்னாடி சொன்னாத்தான் அவங்களால ஏதாவது செய்ய முடியும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் அந்த நாலு வரியைத் தேடினேன். இன்னும் அங்கேயேதான் இருந்துச்சு. எடுத்துட்டு, அப்போ அலைஞ்சவருக்கு மெசேஜ் போட்டேன். அவர் அனுப்பின பதிலை இங்க சொல்ல முடியாது, இது ஃபேமிலி பாட்காஸ்ட்.

உங்க வீட்டுல அப்படி ஒரு "ஆறாவது ஸ்க்ரூ" இருந்தா, கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.